வட்டத்தில் பாதி கடல்: ஒரு சிறு நகரத்துக்கு விறகு திரட்டிய அனுபவம்

விறகிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் என்று உங்கள் ஊரில் யாராவது பேச்சை ஆரம்பித்திருந்தால், பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2018இல் நாங்கள் இறங்கியபோது இயந்திரத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். விறகை யார், எந்த மாதத்தில், எவ்வளவு ஈரத்தோடு, என்ன விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்று எழுதியவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை. என் பங்காக நான் போட்டது 6 லட்சம். அதில் ஏறக்குறைய 4 லட்சம் இன்றுவரை திரும்பவில்லை. பணத்தைவிட, ஊரில் இருந்த நல்ல பெயரும் சில உறவுகளும் அந்த ஒரு மழைக்காலத்தில் கரைந்தன என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு பேரூராட்சி. சுற்றிலும் கண்மாய்கள், அவற்றை அடைத்துக்கொண்டு சீமைக்கருவேலம். பஞ்சாலை ஒன்றில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன் என்பதால், "விறகு விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர், ஐஸ் ஆலைக்காரர், இன்னும் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை. 100 கிலோவாட் கேசிஃபையர் ஒன்றை நிறுவுவது, அதாவது விறகைக் குறைந்த காற்றில் எரியவிட்டு வாயுவாக்கி, அந்த வாயுவில் என்ஜினை ஓட்டுவது. இரண்டு ஆலைகளுக்கும் பேரூராட்சியின் குடிநீர் மோட்டார்களுக்கும் அதிலிருந்து மின்சாரம். புகையற்ற, நிலக்கரி தேவைப்படாத முன்மாதிரி நகரம். கூட்டத்தில் இதைச் சொன்னபோது கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

திட்ட அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனம் இரண்டு ஊர்களை உதாரணம் காட்டியது. ஒன்று ஆஸ்திரியாவின் கியூசிங். 2000களின் தொடக்கத்தில் மரத்துண்டுகளில் ஓடும் நிலையம் கட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த சிறு நகரம். இன்னொன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி. குடிநீர் இறைக்க அங்கே கேசிஃபையர் வைத்தார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஓடந்துறையில் வைத்தது 9 கிலோவாட். சில ஆண்டுகளில், 2006இல், அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலைக்குப் போய்விட்டது. கியூசிங் நிலையம் மின்சாரத்தோடு வெப்பத்தையும் வீடுகளுக்கு விற்றது; அப்படியும் 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அறிக்கையைக் கையில் வாங்கியபோது அது நின்று இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. யாராவது ஒரு முன்மாதிரி ஊரைக் காட்டினால், இன்றைக்கும் அது ஓடுகிறதா, எரிபொருள் எங்கிருந்து வருகிறது, வெப்பத்தை யார் வாங்குகிறார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பாதி அறிக்கைகள் அங்கேயே படுத்துவிடும்.

அறிக்கையின் நடுவில் ஒரு வரைபடம் இருந்தது. ஊரை மையமாக வைத்து 25 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். பரப்பு 1,963 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, சதுர கிலோமீட்டருக்கு இத்தனை டன் முள்மரம் என்று ஒரு மாவட்டச் சராசரியால் பெருக்கி, தேவையைப் போல இத்தனை மடங்கு இருப்பு உள்ளது என்று முடித்திருந்தார்கள். வரைபடத்தைப் பார்த்த ஐஸ் ஆலைக்காரரின் மகள், பள்ளியில் படிக்கும் பெண், "மாமா, இந்தப் பக்கம் எல்லாம் கடல்தானே?" என்று கேட்டாள். வட்டத்தில் ஏறக்குறைய பாதி கடல்தான். மீதிப் பாதியில் உப்பளம், நெல் வயல், வனத்துறை நிலம், வீடுகள். டிராக்டர் வட்டத்தின் ஆரத்தில் ஓடுவதில்லை, பாதையில்தான் ஓடும் என்பது வேறு. நேர்க்கோட்டில் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கண்மாய்க்கு ஓடையைச் சுற்றிப் போனால் 20 கிலோமீட்டருக்கு மேல். கிளைகளோடு ஏற்றினால் டிரெய்லர் பார்வைக்கு மலை போல நிரம்பிவிடும். எடைமேடையில் ஏற்றினால் இரண்டு டன்கூடத் தேறாது. முள் குத்திப் பஞ்சரான டயர்களின் செலவை எந்த அறிக்கையும் போடுவதில்லை.

விலைக்கு வருகிறேன். அறிக்கை டன்னுக்கு 1,300 ரூபாய் என்று போட்டிருந்தது. அந்த விலை பொய்யல்ல, 2017இன் விலை. அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டிருந்தது. ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. எங்கள் பக்கம் வெட்டிய மரத்தை எடுத்துப்போனால் போதும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். சில மாதங்களிலேயே அந்த உத்தரவு இடைக்காலத் தடை, மறுவிசாரணை என்று இழுபட்டது. விலையும் பழைய நிலைக்கு ஏறிவிட்டது. நாங்கள் வாங்க இறங்கியபோது டன் 2,800. எரிபொருள் விலையை ஓர் ஆண்டின் ரசீதிலிருந்து எடுக்கவே கூடாது. குறைந்தது நான்கைந்து ஆண்டு விலையை, அதுவும் மாதவாரியாக, விறகுக் கடைக்காரர்களிடமும் செங்கல் சூளைக்காரர்களிடமும் உட்கார்ந்து கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் கணக்கு நோட்டில் எல்லாம் இருக்கிறது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் காட்டுவார்கள்.

அடுத்த அடி கரிமூட்டம். எங்கள் மாவட்டத்தில் முள்மரத்துக்கு முதல் உரிமைக்காரர்கள் கரிமூட்டக்காரர்கள்தான். விவசாயிக்கு ஆண்டுக்கணக்கில் முன்பணம் கொடுத்து வைத்திருப்பார்கள். மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவசரத்துக்கு நிற்பவர்கள் அவர்கள். நாங்கள் டன்னுக்கு நூறு ரூபாய் அதிகம் தருகிறோம் என்றால் அந்தக் கணக்கை அறுத்துக்கொண்டு யார் வருவார்? ஒரு டன் கரி எடுக்க நான்கு டன் விறகாவது உள்ளே போகிறது. அந்த அளவு மரத்தை அறிக்கை எங்கள் கணக்கில் சேர்த்திருந்தது. தை முதல் வைகாசி வரை செங்கல் சூளைகள் ஓடும். அவர்களுக்கு ஈரம், பருமன் எதுவும் பொருட்டில்லை, கிடைத்ததை அள்ளுவார்கள். கண்மாய் ஏலத்தில் எங்களுக்காக மரம் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அறக்கட்டளை முன்பணமாக 1 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்தது. அவர் ஏலம் எடுத்தார். மரத்தைச் சூளைக்கு விற்றார். பணத்தைக் கேட்டால் அடுத்த ஏலத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பார். அந்த அடுத்த ஏலம் வரவே இல்லை. முன்பணம் கொடுக்கத்தான் வேண்டும், அது இல்லாமல் இந்தத் தொழிலில் ஒரு கட்டை நகராது. ஆனால் அதை ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், ஐந்தாறு பேருக்குச் சிறு தொகையாக, வந்து இறங்கிய லோடைப் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

இனி ஈரம். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் ஒழுகியது பெரும்பாலும் இந்த ஓட்டையில்தான். எடைமேடைச் சிட்டையில் 1 டன் என்று இருக்கும். புதிதாக வெட்டிய மரத்தில் 45 சதவீதம் ஈரம் என்றால், உள்ளே இருப்பது 550 கிலோ மரம், 450 கிலோ தண்ணீர். கேசிஃபையருக்கு ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்த அளவுக்குக் காய்ந்த பிறகு அந்த 1 டன் ஏறக்குறைய 650 கிலோ ஆகிவிடும். பிறகு அதை விரல் நீளத் துண்டுகளாக வெட்டும்போது தூளும் பட்டையுமாக இன்னும் கொஞ்சம் போகும். ஆக இயந்திரத்தின் வாய்க்குப் போய்ச் சேர்வது 600 கிலோ. 2,800 ரூபாய் விறகு அங்கேயே டன் 4,700 ரூபாய் ஆகிவிடுகிறது. வெட்டுக்கூலி, காயப்போட்டுப் புரட்டும் கூலி சேர்த்தால் 5,500. எங்கள் இயந்திரம் ஒரு யூனிட்டுக்கு 1.3 கிலோ தின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விறகுக்கு மட்டும் யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல். மின்வாரியம் அப்போது ஆலைகளுக்கு வாங்கிய கட்டணத்தைவிட அது அதிகம்.

ஈரம் பார்க்கும் கையடக்கக் கருவி ஒன்று வாங்கினோம். இரண்டு ஊசியைக் கட்டையில் குத்தினால் எண் காட்டும். லாரிக்காரர்கள் முன்னால் நாங்கள் குத்தியபோதெல்லாம் 18, 19 என்று அழகாகக் காட்டியது. வெயிலில் இரண்டு நாள் கிடந்த கட்டையின் மேல்தோல் அவ்வளவுதான் காட்டும். ஒருநாள் சந்தேகப்பட்டு ஒரு கட்டையைக் கோடரியால் பிளந்து, உள்முகத்தில் ஊசியைக் குத்தினேன். 38. பிளந்த இடம் கைக்குச் சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து லோடின் அடியிலிருந்து மூன்று கட்டை உருவி, பிளந்து, உள்ளே குத்திப் பார்க்காமல் சிட்டையில் கையெழுத்துப் போடுவதில்லை. இன்னும் நம்பகமான வழி, பக்கத்துப் பாலிடெக்னிக்கில் கேட்டு, துண்டுகளை எடைபோட்டு, 105 டிகிரி அடுப்பில் ஒருநாள் வைத்து மறுபடி எடைபோடுவது. விலையை "ஈரம் 20 சதவீதம் வரை இவ்வளவு, அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு கழிவு" என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். தரகர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தூரோடு பிடுங்கிய மரம் வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஜேசிபி பிடுங்கிய தூரில் ஒட்டியிருக்கும் மண், எடைக்கும் காசு கேட்கும், கலனுக்குள் போய் உருகி அடிக் கம்பித்தட்டில் கல்லாகவும் இறுகும். அந்தக் கல்லை உளியால் கொத்தி எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2018 ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. எங்கள் கொட்டகையில் பத்து நாளைக்கு மட்டும் விறகு. அறிக்கை சொன்ன இருப்பு அவ்வளவுதான். கண்மாய்களில் தண்ணீர் ஏறியதும் உள்ளே டிராக்டர் இறங்க முடியாது. வெட்டுக்கு வரும் ஆட்கள் களையெடுக்கப் போய்விட்டார்கள். வந்த கொஞ்சம் விறகும் சொட்டச் சொட்ட வந்தது. ஈர விறகைப் போட்டால் கலனுக்குள் வெப்பம் இறங்கும், வெப்பம் இறங்கினால் வாயுவில் தார் கூடும். கறுப்புக் குழம்பாக வடிகட்டியை அடைத்து, என்ஜின் வால்வுகளை ஒட்டிப் பிடித்துவிட்டது. மெக்கானிக் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. அடுத்த வாரமே புதுக்கோட்டைப் பக்கத்துத் தரகர்கள் போன் செய்து, விழுந்த தென்னை லட்சக்கணக்கில் கிடக்கிறது, ஏற்றுக்கூலி மட்டும் கொடுங்கள் என்றார்கள். ஒரு லாரி வரவழைத்தோம். நாராகப் பிரியும் அந்த மரம் வெட்டுக் கருவியைச் சிக்கவைத்தது; உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. மலிவாக வருவதெல்லாம் எரிபொருள் ஆகிவிடாது. வீடு, தோப்பு இழந்தவர்களின் மரத்தை மலிவு பார்த்து வாங்கினோமே என்ற உறுத்தல் தனி.

ஐஸ் ஆலை நின்றால் மீன் நாறும். படகுக்காரர்கள் ஐஸ் ஆலைக்காரரைத் திட்ட, அவர் என்னைத் திட்ட, கடைவீதிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். "விறகுக்கார இன்ஜினியர்" என்று ஒரு பட்டப்பெயரும் வந்தது. இரவில் தூக்கம் வராமல் ஓட்டின் மேல் மழை விழும் சத்தத்தை வைத்து நாளை எத்தனை லோடு வராது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். வீட்டில் நகை அடகுக்குப் போனது அந்த மார்கழியில்தான். டீசல் ஜெனரேட்டருக்கு மட்டும் அறக்கட்டளை அந்தப் பருவத்தில் 3 லட்சத்துக்கு மேல் அழுதது.

பாதை காட்டியவர் ஒரு கரிமூட்டக்காரர், எழுபதைத் தாண்டியவர். "தம்பி, நீங்கள் தேவைப்படும்போது விறகு தேடுகிறீர்கள். நாங்கள் ஆனி பிறந்ததும் வெட்டி ஆடிக் காற்றுக்குக் கொடுத்துவிடுவோம். ஆவணி கடைசியில் எடுத்தால் தட்டினால் சத்தம் வரும்" என்றார். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் சூளைகள் ஓய்ந்திருக்கும், வயலில் வேலை குறைவு, கண்மாய் வறண்டிருக்கும், மேற்கிலிருந்து அனல்காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். விலை இறங்கும் காலமும் காயும் காலமும் ஒன்றாக வருவது அந்த இரண்டு மாதம்தான். அதை விட்டால் ஆண்டு முழுக்க ஈரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அப்படியே செய்தோம். கட்டைகளை நிலத்தில் படாமல் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, காற்று வரும் திசைக்கு முகம் காட்டி வைத்தால் நன்றாகக் காய்கிறது. குவியலாகக் கொட்டினால் நடுவில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கிறது.

ஆனால் அதற்குக் கொட்டகை வேண்டும். நாளுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல், நூறு நாள் இருப்பு என்றால் ஏறக்குறைய 170 டன். மூன்று மீட்டர் உயரம் அடுக்கினாலும், நடக்க, வண்டி திருப்ப இடம் விட்டால் 3,000 சதுர அடிக்கு மேல் தகரக் கூரை தேவை. எங்களுக்கு 8 லட்சம் ஆனது. உள்ளே அடுக்கிய விறகில் இன்னொரு 8, 9 லட்சம் தூங்குகிறது. இயந்திரத்துக்குக் கடன் கொடுத்த வங்கி விறகுக்குக் கொடுக்கவில்லை; நெல் மூட்டையை ஈடாக ஏற்பவர்களுக்கு விறகு அடுக்கு கண்ணில் தெரியவில்லை. உங்கள் திட்டத்தில் இந்த இரண்டு தொகையும் முதல் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இயந்திரம் விற்பதற்காக எழுதப்பட்ட அறிக்கை.

பசுமை நகரம் என்று பேசுவோர் யாரும் கணக்கில் எடுக்காத இன்னொரு தரப்பு, தலைச்சுமையாக முள் பொறுக்கி விற்கும் பெண்கள். கேஸ் சிலிண்டர் இருந்தும் எங்கள் ஊரில் பல வீடுகளில் நெல் அவிக்க, வெந்நீர் போட விறகுதான். நாங்கள் கொப்புகளையும் வாங்க ஆரம்பித்ததும் அருகிலிருந்த புறம்போக்குகள் மொட்டையாகின. "நீங்கள் கரண்டு எடுக்க, நாங்கள் இரண்டு மைல் கூடுதலாக நடக்கிறோம் ஐயா" என்று ஒரு அம்மா எடைமேடையில் வைத்தே சொன்னார். ஊரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் நாங்கள் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டது அதற்குப் பிறகுதான். ஊர் அடுப்புகளுக்குப் போவதை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் இருப்பு என்று எழுத வேண்டும்.

பத்து, பதினைந்து ஆண்டுக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்பது அரசின் நிலை. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ஒழிக்கப்பட வேண்டிய மரத்தை நம்பி நகரத்துக்கு எரிபொருள் திட்டமா? தூரை மண்ணில் விட்டு மேலே வெட்டினால் மூன்று நான்கு ஆண்டில் மறுபடி தழைத்துவிடும் என்ற தைரியத்தில்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். வேரோடு எடுத்தால் அந்தக் கணக்கு ஒரே அறுவடையோடு முடிந்தது. பதிலுக்கு சவுக்கு, மலைவேம்பு போடலாம் என்பார்கள்; எங்கள் மண்ணுக்கு முதலில் தண்ணீர் வேண்டுமே. நிலக்கடலைத் தோல், மற்ற வயல் கழிவுகள் பக்கம் திரும்பினோம். 2021 அக்டோபரில் மத்திய அரசு நிலக்கரி அனல்மின் நிலையங்களும் தாவரக் கழிவுப் பெல்லட்டுகளை, அதாவது கழிவை இறுக்கிச் செய்த சிறு உருளைகளை, சேர்த்து எரிக்க வேண்டும் என்று கொள்கை கொண்டுவந்தது. பெரிய வாய் ஒன்று சந்தைக்கு வந்துவிட்டால் சின்னவர்களின் விலை என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள்.

இப்போது நிலவரம் இதுதான். குடிநீர் மோட்டாரும் ஐஸ் ஆலையும் மின்வாரியத்துக்கே திரும்பிவிட்டன. எங்கள் என்ஜின் மின்வெட்டு நேரத்தில் மட்டும், டீசலுக்குப் பதிலாக ஓடுகிறது. டீசல் விலையோடு ஒப்பிட்டால் விறகு இன்றும் லாபம்தான். மீதி விறகு அரிசி ஆலையில் நெல் அவிக்கும் அடுப்புக்குப் போகிறது. வெப்பமாகவே பயன்படுத்தும்போது தார்த் தொல்லை இல்லை, துண்டு போட வேண்டியதில்லை, கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுக்கும். என்ஜின் புகைபோக்கியின் சூட்டை ஒரு தகரக் குழாயில் திருப்பி விறகுக் கொட்டகையின் ஒரு மூலைக்கு விட்டிருக்கிறோம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஊருக்கு ஆவியும் சூடும் எங்கே தேவை என்று பார்த்துவிட்டு மின்சாரத்தைக் கடைசியில் யோசித்திருந்தால் இவ்வளவு பெரிய இயந்திரமே தேவைப்பட்டிருக்காது.

வரும் பங்குனியில் இரண்டு கண்மாய்களுக்கு ஏலம் இருக்கிறது. இம்முறை கரிமூட்டக்காரர்களுக்கு எதிராகக் கேட்காமல் அவர்களோடு சேர்ந்து எடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். பருமனான மரம் அவர்களுக்கு. மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழே, அவர்கள் வழக்கமாக அங்கேயே விட்டுவிட்டுப் போகும் கொப்புகள் எங்களுக்கு. வெட்டுக்கூலி பாதிப் பாதி, முன்பணம் அவர்கள் பொறுப்பு. எழுத்தில் வாங்கியாயிற்று. கொப்பு காயச் சீக்கிரம் என்றாலும் முள் அதிகம், கையுறைச் செலவு கூடும். அதையும் இந்தத் தடவை கணக்கில் போட்டிருக்கிறேன்.